80 சதவீதத்தில் நின்றுவிடும் சார்ஜ்: மலையகத்து மடிக்கணினிக்கு எது பொருந்தும்?

புதிதாக வாங்கிய மடிக்கணினி 80 சதவீதத்தைத் தொட்டதும் அதற்கு மேல் ஏற மறுக்கிறது. சார்ஜர் பழுதா, பற்றரி பழுதா, கடைக்காரர் பழைய பொருளைத் தலையில் கட்டிவிட்டாரா என்ற சந்தேகத்தோடு அதை ஹட்டன் நகரம்வரை தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் மூன்றுமே காரணமாக இருப்பதில்லை. பற்றரி நீண்ட நாள் உழைக்கட்டும் என்று உற்பத்தி நிறுவனமே வைத்த வரம்பு அது. வேண்டாமென்றால் ஓர் அமைப்பை மாற்றி நீக்கிவிடலாம்.

நீக்கலாமா என்பதுதான் கேள்வி. மின்சாரம் எப்போது போகும், எப்போது திரும்பும் என்று தெரியாத ஊரில் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக வைத்திருப்பது முட்டாள்தனம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். எந்நேரமும் சார்ஜரில் போட்டால் பற்றரி செத்துவிடும் என்று மறுசாரார் பயமுறுத்துகிறார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்று அறிய அடிப்படையிலிருந்து வரவேண்டும்.

பற்றரிக்குள் நடப்பது

இன்றைய மடிக்கணினிகளில் இருப்பது லிதியம் அயன் பற்றரி. சோனி நிறுவனம் 1991இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதன் உருவாக்கத்துக்காக ஜோன் குடெனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கு 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பற்றரி என்பது சில கலங்களின் தொகுப்பு. ஒவ்வொரு கலத்திலும் இரண்டு மின்வாய்கள் இருக்கின்றன. ஒருபக்கம் கிரபைட், அதாவது பென்சிற்கரி. நம் நாட்டில் போகலச் சுரங்கத்தில் தோண்டி எடுக்கும் அதே பொருள். மறுபக்கம் கோபால்ட், நிக்கல், மங்கனீசு போன்ற உலோகங்களின் ஒட்சைட்டு. நடுவே மின்பகு திரவம். சார்ஜ் ஏறும்போது லிதியம் அயன்கள் ஒட்சைட்டிலிருந்து புறப்பட்டுக் கிரபைட்டின் அடுக்குகளுக்குள் போய்த் தங்குகின்றன. கணினியைப் பயன்படுத்தும்போது வந்த வழியே திரும்புகின்றன.

மஸ்கெலியா பஸ்ஸில் ஏறுகிறவர்களை நினைத்துக்கொள்ளலாம். பஸ் காலியாக இருக்கும்போது எல்லோரும் மளமளவென்று ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். நிரம்பிய பிறகு நடத்துநர் எவ்வளவு கத்தினாலும் ஒவ்வொருவராக நெருக்கித்தான் ஏறமுடியும். பற்றரியின் கடைசி 20 சதவீதம் ஆமை வேகத்தில் ஏறுவது இதனால்தான். கலம் வெறுமையாக இருக்கும்போது ஏறத்தாழ 3 வோல்ட்டில் இருக்கும் மின்னழுத்தம், நிரம்பும்போது 4.2 வோல்ட்டையோ அதற்குச் சற்று மேலேயோ தொடுகிறது. அந்த உச்சத்தில் கலத்தின் உட்பொருட்கள் இறுக்கத்தில் இருக்கின்றன.

இனி, பற்றரி ஏன் கிழடாகிறது என்பது. கிரபைட்டின் மேற்பரப்பில் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. முதலில் அது தேவையானது. கிரபைட்டை மின்பகு திரவம் அரிக்காமல் காப்பது அதுதான். ஆனால் தேநீர்க் கோப்பையில் நாள்பட ஏறும் சாயக்கறை போல அது தடித்துக்கொண்டே போகிறது. தடிப்பதற்கு அது எடுத்துக்கொள்வது பற்றரியின் சொந்த லிதியத்தை. படலத்தில் சிக்கிய லிதியம் பிறகு வேலைக்கு வராது. மூன்று வருடம் கழித்து, ஐந்து மணி நேரம் ஓடிய கணினி மூன்று மணி நேரத்தில் படுத்துவிடுவதன் முக்கிய காரணம் இதுதான்.

இரண்டு வகை மூப்பு

1. பயன்பாட்டால் வரும் மூப்பு. இதை அளக்கும் அலகு ‘சுற்று’. மொத்தமாக 100 சதவீத அளவு மின்சாரத்தைச் செலவிட்டால் ஒரு சுற்று. திங்கட்கிழமை பாதி, செவ்வாய்க்கிழமை பாதி என்று செலவழித்தாலும் ஒன்றுதான். சார்ஜரைச் செருகும் ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்றாக எண்ணப்படுவதாக நினைப்பது தவறு. சாதாரண மடிக்கணினிப் பற்றரிகள் 300 முதல் 1,000 சுற்றுகள்வரை தாங்கும்படி தயாரிக்கப்படுகின்றன. தாங்குவது என்றால், அத்தனை சுற்றுக்குப் பிறகும் ஆரம்பக் கொள்ளளவில் 80 சதவீதமளவு எஞ்சியிருப்பது.

2. நாள்படுவதால் வரும் மூப்பு. கணினியைத் தொடாமல் அலமாரியில் வைத்தாலும் படலம் தடிக்கும். எவ்வளவு வேகமாகத் தடிக்கும் என்பதை முடிவு செய்பவை இரண்டு: பற்றரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது.

பலர் முதல் வகைக்கு மட்டுமே பயந்து, சுற்றை மிச்சப்படுத்துவதற்காக நாள் முழுவதும் சார்ஜரைச் செருகி வைக்கிறார்கள். சுற்று மிச்சமாகிறது. இரண்டாவது மூப்போ முழு வேகத்தில் நடக்கிறது.

80 என்ற எண் எங்கிருந்து வந்தது?

லிதியம் அயன் கலங்களை ஒரு வருடம் சும்மா வைத்தால் எவ்வளவு கொள்ளளவு மீளும் என்பதற்குத் தொழில்நுட்பத் துறையில் பரவலாக எடுத்துக்காட்டப்படும் அளவுகள் இவை:

1. 0 பாகை செல்சியஸில்: 40 சதவீத சார்ஜுடன் வைத்தால் 98 சதவீதம் மீளும்; முழு சார்ஜுடன் வைத்தால் 94.
2. 25 பாகையில்: 40 சதவீத சார்ஜுடன் 96, முழு சார்ஜுடன் 80.
3. 40 பாகையில்: 40 சதவீத சார்ஜுடன் 85, முழு சார்ஜுடன் 65.

கலத்தின் வகைக்கேற்ப இந்த எண்கள் கூடும், குறையும். போக்கு மாறாது. நிரம்பியிருப்பது மட்டும் குற்றமென்றால் 0 பாகையிலும் பெரிய இழப்பு வரவேண்டும். வருவது 6 சதவீதம்தான். சூடு மட்டும் குற்றமென்றால் 40 பாகையில் பாதி நிரம்பியதும் முழுதும் நிரம்பியதும் ஒரே அளவு கெடவேண்டும், அப்படியும் இல்லை. நிரப்பி, சூட்டில், நீண்ட நேரம் வைத்திருக்கும்போது மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒரே வருடத்தில் போய்விடுகிறது. இந்த மூன்றும் ஒன்றுசேராமல் பார்த்துக்கொள்வதுதான் பற்றரிப் பராமரிப்பில் பெரும்பகுதி.

80 சதவீத வரம்பு மூன்றில் ஒன்றை, நிரம்பி நிற்பதை, தடுக்கிறது. அந்த எண்ணில் மந்திரம் ஏதும் கிடையாது. 75இலோ 85இலோ நிறுத்தினாலும் ஏறக்குறைய அதே பயன்தான். லெனோவோ, அசுஸ், டெல், எச்பி, ஆப்பிள் ஆகியவை தத்தம் பெயரில் இந்த வசதியைத் தருகின்றன. நிறுவனத்தின் சொந்தச் செயலியிலோ, கணினி தொடங்கும்போது வரும் பயோஸ் அமைப்பிலோ தேடினால் கிடைக்கும்.

இரவெல்லாம் சார்ஜரில் விட்டால் அளவுக்கு மேல் ஏறி வெடித்துவிடும் என்ற பயமும் உண்டு. ஒழுங்கான கணினியில் அப்படி நடக்காது. நிரம்பியதும் உள்ளேயுள்ள கட்டுப்பாட்டு மின்சுற்று பற்றரிக்குப் போகும் மின்னோட்டத்தை நிறுத்திவிடுகிறது. இரவெல்லாம் உச்ச அழுத்தத்தில் நிற்பதால் வரும் தேய்மானம்தான் இங்குள்ள நட்டம்.

குளிர் எதிரியா?

பற்றரியைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகள் பல, பனி கொட்டும் நாடுகளுக்கு எழுதப்பட்டவை. குளிர் பற்றரியைக் கொல்லும் என்று அவற்றில் படித்துவிட்டு நுவரெலியாவில் ஒருவர் கணினியைக் கம்பளியில் சுற்றி வைத்தால் அது அநியாயம்.

கணக்கைப் பார்க்கலாம். நுவரெலியாவின் வருடச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. கொழும்பில் 27 அல்லது 28. வெப்பநிலை 10 பாகை கூடினால் இரசாயனத் தாக்கத்தின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது உயர்தர மாணவர்கள் படிக்கும் பருமட்டான விதி. அப்படியானால் அலமாரியில் கிடக்கும் பற்றரி நுவரெலியாவில் மூப்படையும் வேகம், கொழும்பில் மூப்படையும் வேகத்தில் பாதியளவுதான். ஹட்டனும் பண்டாரவளையும் உயரத்தில் சற்றுக் கீழே, அங்கும் லாபம்தான். பற்றரிக்கு வசிப்பிடம் தேடினால் இலங்கையில் இதைவிட நல்ல இடம் இல்லை.

குளிர் உண்மையில் கெடுப்பது ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும். 0 பாகைக்குக் கீழ் சார்ஜ் ஏற்றினால் லிதியம் கிரபைட்டுக்குள் புகாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். அந்தச் சேதம் மீளாது. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்வெளி வெள்ளையாக உறையும் காலைகள் உண்டு என்றாலும் வீட்டுக்குள் அந்த நிலை வருவதில்லை. இரவு முழுவதும் வாகனத்துக்குள் கிடந்த கணினியென்றால், அறைக்குள் கொண்டுவந்து ஒரு மணி நேரம் விட்டுச் சார்ஜ் போட்டால் போதும். குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்குவதாகத் தெரிவது தற்காலிகம், சூடானதும் திரும்பிவிடும்.

இவ்வளவு நல்ல காலநிலையையும் நாம் வீணாக்கும் வழிகள் சில:

1. கம்பளி. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் அறையில் சுவரில் இருப்பது ஒரே பிளக். அது கட்டிலுக்குப் பக்கத்தில். கணினி கட்டிலில், மடித்த கம்பளியின் மேல். அடியிலுள்ள காற்றுத் துளைகள் கம்பளிக்குள் புதைந்துவிடுகின்றன. விசிறி இரைந்துகொண்டே இருக்கிறது, காற்று மட்டும் வெளியேறுவதில்லை. வெளியே 15 பாகைக் குளிர். பற்றரி இருக்கும் இடத்தில் 40 பாகைக்கு மேல். சார்ஜரும் செருகியிருந்தால் மேலே சொன்ன மூன்றும் ஒன்றுசேர்ந்துவிட்டன. ஒரு பலகைத் துண்டோ பழைய தேநீர்த் தட்டோ அடியில் வைத்தால் இது தீரும்.

2. அடுப்பங்கரை. மழைக்காலத்தில் ஈரம் போகட்டும் என்று அடுப்புக்கு மேலுள்ள பரணில் கணினிப் பையை வைப்பது. புகையும் சூடும் இரண்டும் ஆகாது.

3. தகரக் கூரை. மலையகமானாலும் உச்சி வெயிலில் தகரத்துக்குக் கீழே அட்டாளை கொதிக்கும்.

4. பயணம். கண்டியிலோ கொழும்பிலோ வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் முழு சார்ஜுடன் கணினியை விட்டுப்போவது. மலையில் சேமித்த லாபத்தில் கணிசமான பங்கு அந்த மாதிரி மதியங்களில் போய்விடும்.

மின்வெட்டுக் கணக்கு

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்தவர்களிடம் 80 சதவீதத்தோடு திருப்திப்படச் சொல்வது எளிதல்ல. லக்சபான, மேல் கொத்மலை நீர்மின் நிலையங்கள் நம் மலைகளிலேயே இருந்தாலும் அவற்றின் மின்சாரம் தேசிய வலையமைப்புக்குள் போய்த்தான் நம் வீட்டுக்கு வருகிறது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததற்கு மலையகமும் இருளில் மூழ்கியது இதனால்தான். அதே வருடம் நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியும் மண்சரிவுகளும் மலையகத்தின் பல பகுதிகளை நாட்கணக்கில் மின்சாரமின்றி விட்டன.

சரி, அந்த 20 சதவீதத்தின் பெறுமதி என்ன? 41 வாட் மணிப் பற்றரியை, அதாவது ஒரு வாட் வீதம் 41 மணி நேரம் தரக்கூடியதை, எடுத்துக்கொள்வோம். காணொளி வகுப்பு நடக்கும்போது கணினி 14 வாட் இழுக்கிறது என்றால் முழு சார்ஜில் ஏறக்குறைய 2 மணி 55 நிமிடம். 80 சதவீதத்தில் 2 மணி 20 நிமிடம். திரை வெளிச்சத்தைக் குறைத்து எழுத்து வேலை மட்டும் செய்து 8 வாட்டில் ஓடினால் 5 மணி நேரத்துக்கும் 4 மணி நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். ஒன்றரை மணி நேர மின்வெட்டுக்கு 80 தாராளம். அரை நாள் மின்வெட்டுக்கு 100கூடப் போதாது; அங்கே தேவை வேறு ஏற்பாடு.

ஆகவே அன்றாடம் 80இல் வைத்திருந்து, மின்வெட்டு அறிவிப்போ கடும் மழை எச்சரிக்கையோ வரும் இரவில் வரம்பை நீக்கி நிரப்பிக்கொள்வதே என் கணிப்பில் சரி. மாதத்தில் நாலைந்து இரவு நிரப்பியதால் பற்றரி கெட்டுவிடாது. குளிர்ந்த அறையில் நிரம்பி நிற்கும் ஓர் இரவு, கம்பளியில் வேகும் ஒரு மாலையைவிடக் குறைந்த சேதமே செய்யும். மாணவியின் பரீட்சைக்கு முதல் நாள் பற்றரியின் ஆயுளைக் கணக்குப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. மின்சாரம் இல்லாதபோது கைபேசியைக் கணினியில் செருகிச் சார்ஜ் செய்யும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. 5,000 மில்லிஅம்பியர் மணிக் கைபேசியை வெறுமையிலிருந்து நிரப்ப 20 வாட் மணியளவு தேவை. மேலே சொன்ன கணினியின் பாதிப் பற்றரி அதோடு காலி.

மின்சாரம் திரும்பி வரும்போது

தோட்டத்து மின்மாற்றியிலிருந்து தூரத்தில் உள்ள லயன்களில் மாலை நேரம் மின்குமிழ் மங்குவது வழக்கம். இது கணினிக்குப் பெரிய ஆபத்தில்லை. மடிக்கணினிச் சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட்வரை ஏற்கும். சார்ஜரில் ஒட்டிய தாளிலேயே எழுதியிருக்கும். அழுத்தம் குறைந்தால் சற்று அதிக மின்னோட்டம் எடுத்துச் சமாளித்துக்கொள்ளும்.

ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: மின்சாரம் திரும்பும் கணத்தில் எகிறும் அழுத்தமும், இடியும். மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பர் ஆகிய பருவப்பெயர்ச்சி இடைக்காலங்களில் பிற்பகல் இடி அதிகம். இடி முழங்கத் தொடங்கியதும் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவ வேண்டும். மின்வெட்டின்போதும் உருவிவிட்டு, விளக்கு எரிந்து ஐந்து நிமிடம் கழித்துச் செருகலாம். பழைய உருண்டை முள் துளையில் சதுர முள் பிளக்கைத் தளர்வாகச் சொருகி, தீப்பெட்டித் துண்டை முட்டுக் கொடுப்பது பற்றரிக்கும் கேடு, வீட்டுக்கும் கேடு.

காலாவதியான விதிகள்

புதுக் கணினியை முதலில் எட்டு மணி நேரம் சார்ஜ் போடவேண்டும், ஒவ்வொரு முறையும் முழுதாக இறக்கித்தான் ஏற்றவேண்டும் என்பவை நிக்கல் கட்மியம் பற்றரிகளின் காலத்து அறிவுரைகள். லிதியத்துக்கு அந்த ‘நினைவு’ நோய் கிடையாது. முழுதாக இறக்குவது அதற்கு நல்லதுமல்ல. 20க்கும் 80க்கும் இடையில் அலைவதே அதற்குச் சுகம்.

காலியான பற்றரியுடன் மாதக்கணக்கில் மூடி வைப்பது எல்லாவற்றிலும் மோசம். சும்மா கிடந்தாலும் சார்ஜ் மெல்ல இறங்கும். கலத்தின் அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் உள்ளேயுள்ள செப்புத் தகடு கரையத் தொடங்கும். பாதுகாப்பு மின்சுற்று பிறகு சார்ஜ் ஏற்றவே விடாது. பரீட்சை முடிந்ததென்று பெட்டியில் வைப்பவர்கள் பாதியளவு சார்ஜுடன் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கவேண்டும்.

உங்கள் பற்றரியின் வயது

விண்டோஸ் கணினியில் இதைப் பார்க்கக் கடைக்குப் போகவேண்டியதில்லை. கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஆங்கிலத்தில் ‘பவர்சிஎஃப்ஜி’ (பவர் என்ற சொல்லுடன் சி, எஃப், ஜி ஆகிய எழுத்துகள் இடைவெளியின்றி), பிறகு ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி ‘பேட்டரிரிப்போர்ட்’ என்று ஒரே சொல்லாகத் தட்டினால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் பார்க்கவேண்டியவை மூன்று எண்கள்: தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவு, சுற்றுகளின் எண்ணிக்கை.

உதாரணமாக முதல் எண் 41,000, இரண்டாவது 29,500 என்றால் எஞ்சியிருப்பது 72 சதவீதம். இனி மூன்றாவது எண். சுற்று 700 என்றால் பற்றரி நேர்மையாக உழைத்துத் தேய்ந்திருக்கிறது. குறை சொல்ல ஏதுமில்லை. சுற்று 120 மட்டும் என்றால் அது உழைக்கவே இல்லை. சார்ஜரில் நிரம்பி நின்றும் சூட்டில் கிடந்தும் மூப்படைந்திருக்கிறது. அந்த வீட்டில் பற்றரியை மாற்றுவதற்கு முன் கணினி வைக்கும் இடத்தை மாற்றவேண்டும். இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே கணினி பொட்டென்று அணைந்தால், அளவுகாட்டும் கணிப்பு பிசகியிருக்கலாம். ஒருமுறை நிரப்பி, 5 சதவீதம்வரை இறக்கி, மீண்டும் நிரப்பினால் கணிப்பு சரியாகும். பற்றரி அதனால் இளமையாகிவிடாது.

வீங்கினால்

தொடுபலகை மேலே எழும்புவது, மூடி சரியாகப் பொருந்தாமல் நிற்பது, மேசையில் வைத்தால் கணினி ஆடுவது: மூன்றும் பற்றரிக்குள் வாயு சேர்ந்து வீங்கியதன் அடையாளங்கள். உடனே சார்ஜரைக் கழற்றிக் கணினியை அணைக்கவேண்டும். ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்கக்கூடாது. உள்ளேயிருக்கும் திரவம் தீப்பற்றக்கூடியது. பற்றரி கழற்றப்படும்வரை கம்பளி, காகிதம் போன்றவற்றிலிருந்து விலக்கி, சீமெந்துத் தரையில் வைப்பது பாதுகாப்பு.

கழற்றிய பழைய பற்றரியை லயனுக்குப் பின்னாலுள்ள குப்பைக் குழியில் போடுகிறார்கள். குழிக்குத் தீ வைக்கும் நாளில் அது வெடிக்கும். முனைகளில் ஒட்டுநாடாவைச் சுற்றி, புதிய பற்றரி வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடலாம். கடை ஏற்காவிட்டால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்னணுக் கழிவுச் சேகரிப்பாளரிடம் போய்ச் சேரவேண்டும்.